வாடைக் காற்றும் பிறந்த கன்றும்

திருகோணமலைத் துறைமுகத்தின் பெருமையை நம் மாணவர்கள் சரித்திர நூல்களிற் படித்திருப்பர். பாய்க்கப்பல்கள் ஓடிய காலத்திலே, ஐப்பசி பிறந்து வாடைக்காற்று எழுந்ததும், சோழமண்டலக் கரையில் நங்கூரமிட்டு நிற்பது ஆபத்தாகிவிடும். அப்பொழுது ஒதுங்குவதற்கு இடந்தேடிய ஐரோப்பியக் கடற்படைகள், குன்றுகள் சூழ்ந்த இத்துறைமுகத்தின்மீது கண்வைத்தன. 1782ஆம் ஆண்டு தை மாதத்தில் ஆங்கிலேயர் இதனை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றினர். அதே ஆண்டு ஆவணியிற் பிரெஞ்சுக்காரர் அதனை ஆங்கிலேயரிடமிருந்து பறித்துக்கொண்டனர். வாடைக்கு மறைவான ஓரிடத்தின் விலைமதிப்பை அவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர்.

அத்துறைமுகத்திற்கு அப்பால், கொட்டியாரக் குடாவைச் சூழ்ந்த மூதூர், கிண்ணியா, தம்பலகாமம் முதலிய ஊர்களிலும், வடக்கே குச்சவெளியிலும், தெற்கே வெருகலிலும் ஆயிரக்கணக்கான பசுக்களும் எருமைகளும் பட்டிகளில் வளர்கின்றன. மண்சட்டியில் உறைந்த எருமைத் தயிரினால் இம்மாவட்டம் பெற்றிருக்கும் நற்பெயரை வாசகர்கள் அறிவர். அந்தத் தயிருக்கும் பாலுக்கும் மூலமாகிய கன்று, மார்கழி மாதத்து மழையிரவில், கூரையில்லாத பட்டியில், சேற்றின்மேற் பிறக்கிறது. கப்பலுக்குக் கிடைத்த மறைப்பு அதற்குக் கிடைப்பதில்லை.

“இஃதென்ன! இமயமலையிலும் கனடாவிலும் அல்லவா குளிரினாற் கன்றுகள் இறக்கும்? நம் நாட்டிலே பனிக்கட்டி ஏது?” என்று சிலர் கேட்கக்கூடும். மார்கழி இரவிலும் திருகோணமலையின் வெப்பநிலை வழக்கமாகச் செல்சியஸ் 24 பாகையளவில் நிற்கின்றது. இத்தகைய இடத்திற் குளிரினால் மாடு சாகும் என்றால் நம்புவது கடினமே. ஆயினும் அண்மைக்காலத்தில் நம் நாடு அதனைக் கண்டது.

2022இல் நிகழ்ந்தது

2022ஆம் ஆண்டு டிசம்பர் மாத முற்பகுதியில் வங்காள விரிகுடாவிலே ‘மாண்டஸ்’ என்னும் புயல் உருவாயிற்று. அது இலங்கையிற் கரைகடக்கவில்லை. டிசம்பர் 9ஆந் திகதி இரவு தமிழ்நாட்டின் மாமல்லபுரத்தருகே கரையைக் கடந்தது. எனினும் அதன் பயனாக நம் வடக்கு, கிழக்கு மாகாணங்களிற் கடுங்காற்றும் மழையும் குளிரும் ஒருங்கே வந்து சூழ்ந்தன. வெயில் முகத்தைக் காணாத அந்த இரண்டொரு நாளில், முல்லைத்தீவு, கிளிநொச்சி முதலிய மாவட்டங்களில் மாடுகளும் எருமைகளும் ஆடுகளும் நின்ற இடத்திலேயே சாய்ந்தன. இரு மாகாணங்களிலும் இறந்த கால்நடைகளின் தொகை ஆயிரத்தைத் தாண்டியது. நமது திருகோணமலை மாவட்டமும் இத்துயரத்திற்குத் தப்பவில்லை.

ஏதேனும் தொற்றுநோயோ என்று மக்கள் அஞ்சினர். பேராதனையிலுள்ள மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவகம் செய்த பரிசோதனைகள், குளிரினால் ஏற்பட்ட அதிர்ச்சியே மரணத்திற்குக் காரணம் என்பதைக் காட்டின.

நீர் உறையாத நாட்டிலே உயிர் உறைந்தது எவ்வாறு? இதனை விளங்கிக்கொண்டால், நம் கன்றுகளைக் காக்கும் வழியும் தானே விளங்கும்.

குளிர் என்பது யாது?

வெப்பமானி காட்டும் எண் மாத்திரம் குளிர் ஆகாது. உலர்ந்த உடலோடு, காற்றில்லாத இடத்திலே, வயிறு நிறையப் பாலருந்திக் கிடக்கும் இளங்கன்று, 15 பாகைக் குளிரையும் பெரும்பாலும் தாங்கும். அதே கன்று நனைந்து, காற்றில் நின்று, பசித்திருக்குமாயின், 20 பாகையும் அதற்குக் கொடுமையாகும். ஈரம், காற்று, பசி ஆகிய மூன்றும் கூடும்பொழுதே குளிர் கொல்கின்றது.

மாணவர்கள் ஒரு சிறு கணக்கைச் செய்து பார்க்கலாம். ஒரு கிராம் நீர் உடற்சூட்டில் ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். கன்று கருப்பையிலிருந்து நனைந்தே வெளிவருகின்றது. மழையும் சேர்ந்தால் அதன் உரோமத்திலே தங்கும் நீர் கொஞ்சமன்று. அதில் 100 மில்லிலீற்றர், அதாவது ஒரு சிறு தேநீர்க் குவளையளவு, கன்றின் உடற்சூட்டைக் கொண்டே உலர்வதாக வைத்துக்கொள்வோம். அதற்கு 58,000 கலோரி செலவாகும். நம் நாட்டுப் பசுவின் கன்று பிறக்கும்பொழுது 15 கிலோகிராம் எடையுடையதாயின், அதன் உடற்சூட்டை 1 பாகை குறைப்பதற்கு 12,000 அல்லது 13,000 கலோரி வெளியேறினாற் போதும். ஆகவே, இழந்ததை உடல் மீண்டும் உண்டாக்கிக்கொள்ளாவிடின், அந்த ஒரு குவளை நீர் கன்றின் சூட்டை நான்கு பாகைக்கு மேல் இறக்கிவிடும். கன்றின் இயல்பான உடற்சூடு 38½ பாகைக்கும் 39½ பாகைக்கும் இடைப்பட்டது. அது 35 பாகைக்குக் கீழ் இறங்குவது உயிருக்கே ஆபத்து. இதிலிருந்து ஈரத்தின் வன்மையை அறிந்துகொள்ளலாம்.

காற்றின் வேலை இன்னொன்று. நம் உடலைச் சுற்றி இளஞ்சூடான காற்றுப் படலம் ஒன்று எப்பொழுதும் போர்வைபோல் இருக்கின்றது. வாடை அதனைக் கணந்தோறும் உரிந்துகொண்டு போகின்றது. ஈரத்தையும் விரைந்து ஆவியாக்குகின்றது. ஈரத் துணியை நிழலில் விரித்தாலும், காற்றடித்தால் அது விரைவில் உலர்வதை வீட்டிலே காண்கிறோம். நனைந்த கன்றின் மேனியிலும் அதுவே நிகழ்கின்றது. உலர்வதற்கான வெப்பத்தைக் கன்று தன் உயிரிலிருந்து கொடுக்கின்றது.

தாய்ப்பசு அதே மழையில் நின்றும் பிழைத்துக்கொள்கின்றதே என்று கேட்கலாம். தாயின் பெருவயிற்றிலே புல்லும் வைக்கோலும் நொதிக்கும்பொழுது ஓயாது வெப்பம் உண்டாகின்றது. அஃதோர் அணையா அடுப்பு. பிறந்த கன்றின் வயிற்றில் அந்த அடுப்பு இன்னும் மூட்டப்படவில்லை. அன்றியும், சிறிய கிண்ணத்திலுள்ள வெந்நீர் பெரிய குடத்து வெந்நீரிலும் விரைவாக ஆறுவதுபோல, சிறிய உடல் விரைவாகக் குளிர்கின்றது. பிறக்கும்போது கன்று தன்னோடு கொண்டுவருவது ஒருவகைக் கபிலநிறக் கொழுப்பு. அஃது எரிந்து சூடு தரும். ஆனால் அந்தச் சேமிப்பு அற்பமானது. அது தீருமுன் வயிற்றிற் பால் விழவேண்டும்.

கடும்பு யாருக்கு?

இவ்விடத்தில் நம் வீட்டு வழக்கம் ஒன்றைச் சிந்திக்கவேண்டியிருக்கிறது. பசு ஈன்றதும் சுரக்கும் முதற்பாலைக் கடும்புப்பால் என்றும் சீம்பால் என்றும் சொல்லுவர். அதனைச் சர்க்கரை சேர்த்து அவித்துக் கடும்பாக்கி, அயல்வீடுகளுக்கும் கொடுத்து உண்பது நமக்குப் பிரியமான வழக்கம். சில இடங்களில், இளங்கொடி விழுந்து, அதனைக் கட்டிப் பாலுள்ள மரமொன்றிலே தொங்கவிட்ட பின்னரே கன்றைப் பாலூட்ட விடுவாரும் உளர். இளங்கொடி விழுவதற்குப் பல மணிநேரம் ஆகலாம். அம்மணிநேரமே கன்றின் வாழ்வையும் சாவையும் தீர்மானிக்கின்ற நேரம்.

மனிதக் குழந்தை நோயெதிர்க்கும் சக்தியிற் பெரும்பகுதியைக் கருவிலேயே தாயிடமிருந்து பெற்றுவிடுகின்றது. பசுவின் கருப்பை அமைப்போ வேறு. அதன் வழியாக அச்சக்தி கன்றுக்குச் செல்வதில்லை. கடும்புப்பால் வழியாகவே செல்லவேண்டும். அதனை முழுமையாக உட்கொள்ளும் திறன் கன்றின் குடலுக்கு முதல் ஆறு மணிநேரத்திலேதான் மிகுதி. பின்னர் அது குறைந்துகொண்டே வந்து, ஏறக்குறைய ஒரு நாளில் அற்றுப்போகின்றது. கொழுப்பு மிகுந்த அந்தப் பாலே கன்றுக்கு முதல் விறகுமாகும். குளிரில் விறைத்த கன்றோ எழுந்து நிற்கமாட்டாது, நில்லாததனால் ஊட்டமாட்டாது, ஊட்டாததனால் மேலும் விறைக்கும். இச்சக்கரத்தை அறுப்பதற்கு மனிதன் கை வேண்டும்.

ஆகவே, முதல் உரிமை கன்றினுடையது. 15 கிலோகிராம் எடையுள்ள கன்றுக்கு, முதல் ஆறு மணிநேரத்துக்குள் இரண்டு மூன்று தடவையாக ஒன்றரை லீற்றர் கடும்புப்பால் சேரவேண்டும். அதாவது எடையிற் பத்தில் ஒரு பங்கு. கன்று வயிறார உண்டபின் எஞ்சுவதிலே கடும்பு செய்துகொள்வதை யாரும் குறைகூறார்.

செய்யத்தக்கவை

கன்று நிலத்தில் விழுந்ததும் மூக்கிலும் வாயிலும் உள்ள சளியைத் துடைத்துவிடுக. தாய் நக்குவதற்கு இடங்கொடுக்க வேண்டும். தாயின் நாக்கு கன்றை உலர்த்துவதோடு, அதன் இரத்த ஓட்டத்தையும் தூண்டுகின்றது. மழைக்காலத்தில் அது மாத்திரம் போதாது. உலர்ந்த சாக்கினாலும் வைக்கோலினாலும் உரோமம் சிலிர்த்து நிற்கும்வரை தேய்த்து உலர்த்தவேண்டும். நனைந்து படிந்த உரோமம் குளிரைத் தடுக்காது. உலர்ந்து சிலிர்த்த உரோமமே போர்வை. கொப்பூழ்க் கொடிக்கு மிருக வைத்தியர் தரும் அயடீன் கரைசலை இடுக.

அடுத்தது படுக்கை. சேற்று நிலத்தை அரையடி உயர்த்தி, மணல் பரப்பி, அதன்மேற் கன்றின் கால்கள் மறையுமளவுக்கு உலர்ந்த வைக்கோலை இடவேண்டும். படுக்கை உலர்ந்துள்ளதா என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. அதன்மேற் சிறிது நேரம் முழந்தாளிட்டு எழுங்கள். உங்கள் வேட்டி நனைந்திருப்பின், கன்றும் நனைந்துதான் கிடக்கின்றது.

மூன்றாவது மறைப்பு. இதற்குக் கற்சுவர் வேண்டியதில்லை. நான்கு கம்பு நட்டு, வடக்கும் வடகிழக்குமாகிய வாடைப் பக்கத்தைத் தென்னங்கிடுகினாலோ தறப்பாளினாலோ அடைத்து, மேலே ஒரு சாய்ப்பு இறக்கினாற் போதும். தென்மேற்குப் பக்கம் திறந்திருக்கட்டும். முற்றாக அடைத்துவிட்டாற் சிறுநீரின் காரநெடி தேங்கிக் கன்றின் நுரையீரலுக்குத் தீங்கு விளையும். சாக்கைக் கன்றின்மேற் போர்வையாகக் கட்டுவது நன்றே. ஆனால் அது நனைந்தவுடன் மாற்றப்படவேண்டும். நனைந்த சாக்கு, சாக்கில்லாமையிலும் கேடு.

ஏற்கெனவே விறைத்த கன்றைக் கண்டால் என்செய்வது? முதலில் உங்கள் விரலை அதன் வாய்க்குள் இடுங்கள். வாய் குளிர்ந்திருந்தால், அபாயம் நெருங்கிவிட்டது என்று கொள்க. கன்று நடுங்குகின்றவரையில் நம்பிக்கை அதிகம். நடுக்கம் நின்றதும் “சுகமாகிவிட்டது” என்று மகிழ்வோர் உளர். உடல் குளிர்ந்திருக்க நடுக்கம் நிற்பது சுகத்தின் குறியன்று; நடுங்குவதற்கும் வலுவில்லை என்பதன் குறியாகும்.

அத்தகைய கன்றை உடனே காற்றில்லாத இடத்துக்குத் தூக்கிச் செல்லவேண்டும். கை பொறுக்கும் வெந்நீரில், ஏறத்தாழ 40 பாகையில், தலை மட்டும் வெளியே இருக்குமாறு தாங்கி வைத்திருப்பது விரைவான வழி. நீர் ஆற ஆற வெந்நீர் சேர்க்கவேண்டும். பின்னர் நன்றாக உலர்த்தவேண்டும். உலர்த்தாவிட்டாற் பட்ட பாடெல்லாம் வீண். இதற்கு வசதியில்லாதவர்கள், வெந்நீர் நிரப்பிய போத்தல்களைத் துணியிற் சுற்றி உடலருகே அணைத்து வைக்கலாம். மூடிய கொட்டிலினுள் புகை எழுப்பலாகாது. கன்று சூடேறி, விரலைச் சூப்பத் தொடங்கியதும், உடற்சூட்டளவுக்கு வெதுவெதுப்பான கடும்புப்பாலைச் சிறிது சிறிதாகப் புகட்டுக. சூப்பமாட்டாத கன்றைக் கிடத்தி, வாயில் மூங்கிற் குழாயினாற் பாலை ஊற்றுவது பெருந்தவறு. அப்பால் வயிற்றுக்குச் செல்லாது நுரையீரலுக்குச் செல்லும். அந்நிலையில் மிருக வைத்தியரை அழைப்பதே முறை.

குளிர்நாடுகளிற் செய்வதும் இவ்வளவே. கனடாவின் சமவெளிகளிற் பண்ணையாளர் கன்றுகளுக்கு மேலங்கி பூட்டுகின்றனர். வெப்பப் பெட்டிகளில் வைக்கின்றனர். அவர்களுடைய கருவிகள் வேறு, கொள்கை ஒன்றே. உலர்த்து, ஊட்டு, மறை என்னும் மூன்று சொற்களில் அது அடங்கிவிடும்.

பட்டிக்காரரின் கேள்வி

“நூறு மாடு வைத்திருப்பவன் ஒவ்வொரு கன்றுக்கும் பந்தல் போடுவதா?” என்று பட்டிக்காரர் ஒருவர் கேட்டால், அதில் நியாயம் உண்டு. பெரும்போக வயல்கள் விதைக்கப்பட்டதும் மாடுகள் வயல்வெளியை விட்டு அகற்றப்படுகின்றன. தாழ்நிலம் வெள்ளத்தில் மூழ்குகின்றது. மேய்ச்சற்றரை போதாமை கிழக்கு மாகாணக் கால்நடையாளரின் நெடுங்காலக் குறை. இவ்வாறு, குளிர் வரும் மாதமும் புல் அருகும் மாதமும் ஒன்றாகவே வருகின்றன. பசித்த தாய்க்கு நலிந்த கன்று பிறக்கும், பாலும் குறையும். ஆதலின், மேடான மேய்ச்சல் நிலங்களை ஒதுக்கிக் கொடுப்பது அரசினர் கடன் என்பதையும் நாம் சொல்லியே ஆகவேண்டும்.

எனினும், அரசினர் செய்யும்வரை கன்று காத்திராது. நூறு மாடுகளும் ஒரே இரவில் ஈனுவதில்லை. மடி பருத்து, வாலடி தளர்ந்து, ஈனுந்தறுவாயிலுள்ள நான்கைந்து பசுக்களையும், பிறந்து சில நாளேயான கன்றுகளையும் பிரித்து, அவற்றுக்கு மாத்திரம் ஒரு சாய்ப்பு அமைப்பது இயலாத காரியமன்று. அதற்கு வேண்டிய வைக்கோல் எங்கே என்றால், அறுவடை இயந்திரம் வயலிலே கொட்டிச் செல்ல, பல இடங்களில் தீயிடப்படுகின்ற அதே வைக்கோல்தான். சிறுபோக அறுவடையில் அதனை வாரிக் கட்டி, நனையாமற் போராக வைத்தாற் கார்த்திகையில் அது தாய்க்கு உணவு. மார்கழியிற் கன்றுக்குப் படுக்கை.

ஒரு கன்றை இழப்பதன் பொருளையும் கருதுக. நம் நாட்டுப் பசுவும் எருமையும், கன்று முட்டிச் சுவைத்தாலன்றி எளிதிற் பால் சுரப்பதில்லை. அதனாலன்றோ இறந்த கன்றின் தோலில் வைக்கோலைத் திணித்துத் தோற்கன்று காட்டிக் கறந்தனர் முன்னோர்! கன்று மடிந்தால் அவ்வீற்றின் பாலும் பெரும்பாலும் மடிகின்றது. நாகாயின், மூன்று நான்கு ஆண்டுகளின் பின் அது தரவிருந்த வருமானமும் போகின்றது. ஒரு பசுவின் பாலை விற்றுப் பிள்ளையின் பாடசாலைச் செலவைப் பார்க்கும் குடும்பத்துக்கு இது சிறிய நட்டமாகாது.

வளிமண்டலவியல் திணைக்களம் புயலைப் பற்றி முன்கூட்டியே எச்சரிக்கின்றது. அச்செய்தி கேட்டதும் கடற்றொழிலாளர் தோணியைக் கரையேற்றுகின்றனர். தோணியைக் கடலில் விட்டுவிட்டு உறங்குவார் எவருமிலர். பட்டியுடையாருக்கும் அச்செய்தி உரியதே. வானொலியில் அதைக் கேட்டதும், அல்லது கைத்தொலைபேசியிற் கண்டதும், கன்றுகளை மேட்டுக்கு ஏற்றி, வைக்கோலை நனையாமல் மூடி, சாக்குகளை உலர்த்தி வைப்பதற்கு ஒரு பகற்பொழுது போதும். இவ்வேலையில் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பங்குண்டு. கன்றின் வாயில் விரலிட்டுப் பார்ப்பதற்கும், அதன் முதுகைத் துடைப்பதற்கும் சிறுவர் கையே போதுமானது.

தைப்பொங்கலுக்கு மறுநாள் பட்டிப்பொங்கல். மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் தீட்டி, மாலை சூட்டி, அவற்றின் உழைப்புக்கு நன்றி கூறுகின்றோம். அதற்கு முன்னே வருவது மார்கழி. அம்மாதத்துக் குளிரிரவொன்றிலே பிறந்த கன்றுக்கு ஒரு சாக்கும், ஒரு கட்டு வைக்கோலும், அதன் தாயின் முதற்பாலும் கிடைக்கச் செய்பவன், பட்டிப்பொங்கலை ஒரு மாதம் முன்னதாகவே கொண்டாடியவன் ஆவான்.